‘இரக்கப்பட்டுத்தான் சேர்த்துக்கிட்டாங்களோ?’

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினமும் செங்கோட்டை ரயிலில் ஏறி, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக்கு முதுகலை படிக்க வருகிறார் ஒரு பெண். வயது 21. ரயிலில் ஆறு பேர் கொண்ட ஒரு செட்டு. அதில் கடைசியாகச் சேர்ந்தவர் இவர். பள்ளிக்கூடத் தோழி ஒருத்திதான் கூட்டிவந்து சேர்த்துவிட்டாள். எல்லோரும் ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வருகிறார்கள். இவருக்கு வாயே திறக்க வரவில்லை. சொல்ல வந்ததை மனதுக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. தப்பித்தவறி ஏதாவது சொல்லிவிட்டால் ராத்திரி தூக்கம் வராமல் அதையே நினைத்துப் புரள்கிறார். போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் பாபநாசம் போகலாம் என்று பேச்சு வந்தபோது ‘நானும் வாரேன்’ என்று போட்டிருக்கிறார். ஒருத்தி மட்டும் கட்டைவிரல் காட்டினாளாம். உடனே, வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். ‘என்னை இரக்கப்பட்டுத்தான் சேர்த்துக்கிட்டாங்களோன்னு இருக்கு. இது வியாதியா? அவங்கள மாதிரி பேச நான் என்ன செய்யணும்? பேசாம விலகிடவா?’ என்று கேட்கிறார்.

தங்கச்சி, நடுவில் உள்ள கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர்களை மாதிரிப் பேச நீங்கள் எந்த வித்தையும் கற்க வேண்டாம். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வதுதான் பல வருஷமாக என் வேலை. கூட்டத்தில் பேச வராது என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகள் என் எதிரே உட்கார்ந்து கோர்வையாக, அழகாகத்தான் பேசுகிறார்கள். உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. பேச்சு உங்களிடம் இருக்கிறது. அது வெளியே வர வேண்டிய நேரத்தில் உங்கள் கவனம் முழுவதும் உங்கள் மேலேயே நிற்கிறது. கோளாறு அங்கேதான்.

1995-ல் டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைத் தெளிவாக விளக்கி எழுதினார்கள். கூட்டத்துக்குப் பயப்படுகிறவர் கூட்டத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன்னைக் கண்காணிக்க ஆரம்பிக்கிறார். குரல் நடுங்குகிறதா, முகம் சிவந்துவிட்டதா, கையை எங்கே வைப்பது என்று உள்ளே ஒரு விசாரணை ஓடுகிறது. உடம்பில் தெரியும் பதட்டத்தை வைத்து, வெளியே தான் எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படத்தை அவரே வரைந்துகொள்கிறார். நெஞ்சு படபடக்கிறது, அதனால் படபடப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்திருந்தால் அந்தப் படம் தப்பு என்று தெரிந்திருக்கும். அவர்தான் பார்க்கவே இல்லையே. அதனால் அந்தப் படம் வருஷக்கணக்கில் திருத்தப்படாமல் அப்படியே இருக்கிறது.

உங்கள் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் ஒருத்தி, தன் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மற்ற நாலு பேரும் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அத்தை காபியில் சீனி இல்லை என்றாள் என்று கதை போகிறது. நீங்கள் மட்டும் ‘இதுக்கு நான் என்ன சொல்றது, சிரிச்சா போதுமா, எப்பச் சிரிக்கணும்’ என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். கதையில் பாதி உங்கள் காதில் விழவில்லை. அப்புறம் எப்படிப் பேச்சு வரும்? பேச்சு கேட்டதிலிருந்துதான் வரும். ‘அதுக்கு ஒங்க அம்மா என்னட்டி சொன்னாங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்கக்கூட, அம்மா அந்தக் கதையில் இருந்தாள் என்பது காதில் விழுந்திருக்க வேண்டும்.

எல்லோரும் நம்மைத்தான் பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு மாணவருக்கு பாரி மானிலோ என்ற பாடகரின் படம் போட்ட டீ-ஷர்ட்டைக் கொடுத்தார்கள். அந்த வயசுப் பிள்ளைகள் அதைப் போடக் கூசுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய்வரச் சொன்னார்கள். வெளியே வந்ததும், எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் என்று நினைத்தார்கள் போட்டவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்கூட இல்லை. இதே கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003-ல் மேடைப் பேச்சை வைத்து இன்னொன்று செய்தார்கள். பேசுகிறவர் தன் நடுக்கம் அப்பட்டமாகத் தெரிகிறது என்று நினைக்கிறார். கேட்பவர்களுக்கு அவ்வளவு தெரிவதில்லை. இந்த விஷயத்தைப் பேசுவதற்கு முன்பே ஒருவரிடம் சொல்லிவிட்டால் அவர் பேச்சே நன்றாக அமைந்தது. அதனால்தான் உங்களிடமும் இதை முன்கூட்டியே சொல்கிறேன்: உங்கள் உள்ளங்கை வியர்வை உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது இரக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது அந்த ஒரு வரிதான். 2018-ல் எரிக்கா பூத்பி, கஸ் கூனி என்ற ஆய்வாளர்களும் அவர்களோடு இருந்தவர்களும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேரைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுவிட்டு, ‘அவரை உனக்கு எவ்வளவு பிடித்தது, அவருக்கு உன்னை எவ்வளவு பிடித்திருக்கும்’ என்று இருவரிடமும் தனித்தனியே கேட்டார்கள். எதிராளிக்குத் தன்னை உண்மையில் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகத்தான் பிடித்திருக்கும் என்றே இரு தரப்பும் நினைத்தது. ஒரே விடுதியில் ஒன்றாகத் தங்கிய முதலாண்டு மாணவர்களிடமும் இந்த இடைவெளி மாதக்கணக்கில் நீடித்தது. அதாவது, தினமும் முகம் பார்த்துப் பழகுகிறவர்களே தங்கள் மேல் மற்றவர்களுக்கு இருக்கும் பிரியத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இது பொதுவாக எல்லோருக்கும் உள்ள கணக்குப் பிழை. கூச்சம் உள்ளவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். உங்கள் செட்டில் சத்தமாகச் சிரிக்கிறவளுக்கும் உள்ளுக்குள் இந்தச் சந்தேகம் இருக்கலாம். நீங்கள் அவளை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு தெரிந்தும் பயம் ஏன் போவதில்லை? நாம் தப்பிப்பதற்காகச் செய்கிற சின்னச் சின்னக் காரியங்கள்தான் அதற்குத் தீனி போடுகின்றன. வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, கையில் போனை வைத்து நோண்டிக்கொண்டே இருப்பது, ஜன்னலோரம் போய் வெளியே பார்ப்பது, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வது, எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ என்பது. இவையெல்லாம் அந்த நிமிஷத்துக்கு நிம்மதி தரும். ஆனால் அன்றைக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை என்றால், ‘நான் வாயைத் திறக்கல, அதான் தப்பிச்சேன்’ என்று மனசு முடிவு கட்டிவிடும். வாயைத் திறந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பதை அறிய அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எதிர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். போனைப் பார்த்துக்கொண்டு, கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டு, கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்கிற ஒரு பெண்ணைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள்? ‘அவளுக்கு நம்மகூட இருக்கப் பிடிக்கல போல.’ கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவள் என்றால் ‘தலக்கனம்ட்டி அவளுக்கு’ என்பாள். பயம் அவர்கள் கண்ணுக்குப் பயமாகத் தெரியாது, விலகலாகத் தெரியும். அப்புறம் அவர்களும் ஓர் அடி தள்ளி நிற்பார்கள். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு ‘நினைச்சது சரிதான்’ என்பீர்கள். பாதிச் சேக்காளித்தனம் இந்த ஊரில் இப்படித்தான் வீணாகப் போகிறது. இரண்டு பக்கமும் பிரியம் இருந்தும்.

செய்ய வேண்டியதற்கு வருவோம். முதல் வாரம் பேசவே முயற்சி செய்ய வேண்டாம். கவனத்தை வெளியே திருப்பிப் பழகுங்கள். தனியாக இருக்கும்போது தொடங்குங்கள்: பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒலிபெருக்கி அறிவிப்பு, கடலை விற்கிறவரின் குரல், பக்கத்துப் பெஞ்சில் நடக்கிற பேச்சு என்று ஒவ்வொன்றாகக் காது கொடுங்கள். மனசு உங்கள் மேல் திரும்பும். திரும்பட்டும், அதோடு சண்டை போடாமல் மறுபடி வெளியே கொண்டுவந்துவிடுங்கள். பிறகு செட்டோடு இருக்கும்போது ஒரே ஒரு வேலை: இன்றைக்கு அவர்கள் பேசியதில் ஒரு கதையை ராத்திரி வீட்டில் அம்மாவிடம் அப்படியே சொல்ல வேண்டும். யார் சொன்னாள், எந்த இடத்தில் சிரித்தார்கள், அத்தை காபியைக் குடித்தாளா இல்லையா என்பது வரைக்கும். இதைச் செய்கிற பிள்ளைகள் நாலைந்து நாளில், ‘நான் யோசிக்காமலே ஒரு கேள்வி வாயில வந்துட்டு’ என்று வந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது, தப்பிக்கிற காரியங்களில் ஒன்றை மட்டும் விடுவது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள், அது நடக்காது. போனிலிருந்து தொடங்கினால் நல்லது. பேட்டை வரும்வரை அது பைக்குள் இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு சின்ன நோட்டில் நாலு வரி எழுதுங்கள். என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள், அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்று. திரும்பி வந்ததும், நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். இப்படி இருக்கும்: ‘போன் இல்லாம சும்மா உக்காந்திருந்தா, என்னட்டி முழிக்கிற என்று கேட்பாங்க, பதில் சொல்லத் தெரியாம அசிங்கமாயிரும். நூற்றுக்கு 80.’ நடந்தது: ‘யாரும் கேக்கல. ஒருத்தி அவ டப்பாவ நீட்டி, இட்லி வேணுமான்னு கேட்டா. ஒண்ணு எடுத்துக்கிட்டேன். பொடி நல்லாருக்குன்னு சொன்னேன். ஆச்சி இடிச்சதுன்னு சொன்னா.’ கவனியுங்கள், போன் கையில் இருந்திருந்தால் அந்த டப்பா உங்கள் பக்கம் நீண்டிருக்குமா என்பதே சந்தேகம். அந்த 80 அடுத்த வாரம் 60 ஆகலாம், அதற்கடுத்த வாரம் மறுபடி 70 ஆகலாம். ஏறி இறங்கித்தான் குறையும்.

போனுக்கு அடுத்து ஒத்திகை. சொல்ல வந்ததைத் திருத்தாமல், பாதி வாக்கியமாகவே விட்டுப் பாருங்கள். ‘எங்க ஊர்லயும் இப்படித்தான் ஒரு...’ என்று ஆரம்பித்தால் போதும். சேக்காளிகள் நடுவே யாருமே இலக்கணமாகப் பேசுவதில்லை. ஒருவர் பேச்சு முடியுமுன் இன்னொருவர் புகுந்துவிடுவதுதான் அங்கே வழக்கம். உங்களைக் குறுக்கிட்டால் அதை அவமானமாக எடுக்க வேண்டாம். எல்லோரையும்தான் குறுக்கிடுகிறார்கள். அடுத்த முறை மற்றவர் பேசும்போது இதையும் கவனித்துப் பாருங்கள்.

குரல் நடுங்குகிறது என்ற பயத்துக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. போனில் வாய்ஸ் மெசேஜாக ஏதாவது ஒரு நிமிஷம் பேசிப் பதிவு செய்யுங்கள். கேட்பதற்கு முன், நடுக்கம் எவ்வளவு இருக்கும் என்று எழுதிவையுங்கள். அப்புறம் வேறு யாரோ பேசியதைக் கேட்கிற மாதிரி கேளுங்கள். கிளார்க்கின் சிகிச்சை முறையிலேயே, வீடியோ எடுத்து இப்படிப் பார்க்கச் சொல்வது ஒரு முக்கியமான பகுதி.

ராத்திரி விசாரணையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். படுத்துக்கொண்டு அன்றைய பேச்சைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதால் ஒரு புது விஷயமும் தெரியப்போவதில்லை. அப்போது உங்கள் கையில் இருப்பது பகலில் உங்களுக்குள்ளே ஓடிய பயம் மட்டுமே. அவர்கள் முகம் உங்களிடம் இல்லை, ஏனென்றால் நீங்கள் பார்க்கவில்லை. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எழுந்து உட்கார்ந்து எழுதுங்கள், கேமரா பிடித்ததை மட்டும். ‘நான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.’ அவ்வளவுதான். ‘அவளுக்குப் போர் அடித்தது’ என்று எழுதக் கூடாது, அது கேமராவில் விழாது. ஜன்னலுக்கு வெளியே அவளுடைய ஸ்டேஷன் வந்திருக்கலாம். அந்த நேரத்தில் தோழிக்கு ‘நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனாட்டி’ என்று மெசேஜ் போடுவதையும் விட்டுவிடுங்கள். அவள் இல்லை என்பாள், பத்து நிமிஷம் நிம்மதியாக இருக்கும், நாளைக்கு மறுபடி கேட்கத் தோன்றும்.

கட்டைவிரல் விஷயமும் இதில்தான் சேரும். ஆறு பேர் உள்ள குழுவில் ஒருவர் ‘வாரேன்’ என்றால் அது முடிந்த பேச்சு, அதற்குப் பதில் எதுவும் தேவையில்லை என்றுதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். நீங்களே இதற்கு முன் மற்றவர்கள் ‘வாரேன்’ என்றபோது என்ன செய்தீர்கள் என்று மேலே தள்ளிப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் விட்டிருப்பீர்கள்.

கூட்டத்தைவிட ஒருத்தியோடு பேசுவது எளிது. உங்களைக் கூட்டிவந்து சேர்த்த தோழி இருக்கிறாளே, ஜங்ஷனில் இறங்கி பாளைக்குப் பஸ் ஏறும்போது அவளோடு நடந்து போங்கள். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லலாம். நீளமாக வேண்டாம். ‘கூட்டமா இருந்தா எனக்குப் பேச வராதுட்டி. கோவம்லாம் இல்ல. நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டு இருக்கப் பிடிச்சிருக்கு. பாபநாசத்துக்கும் வரணும்னுதான் இருந்துச்சு.’ ஆலோசனைக்கு வருகிற பிள்ளைகளை இப்படிச் சொல்லவைத்தபோது, பல நேரம் எதிர்ப்பக்கமிருந்து வந்த பதில், ‘இத ஏம்ட்டி இம்புட்டு நாளு சொல்லல?’ என்பதுதான்.

ஓட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சீமையில் பாசத்தைக்கூட நக்கலாகத்தான் சொல்வார்கள். புதுச் சுடிதார் போட்டு வந்தால் ‘என்னட்டி, கல்யாண வீட்டுக்கா போற?’ என்பார்கள். அதற்கு அர்த்தம் நல்லாருக்கு என்பது. வெளி ஆளிடம் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், மரியாதையாக ஒதுங்கிப் போய்விடுவார்கள். உங்களை ஓட்டினார்கள் என்றால் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள் என்று பொருள். நீங்கள் முகம் சுருங்கித் திரும்பிக்கொண்டால், பாவம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அடுத்த முறை உங்களை விட்டுவிடுவார்கள். அதையே நீங்கள் ஒதுக்கிவைத்ததாக எடுத்துக்கொள்வீர்கள். பதிலுக்குப் பெரிய நகைச்சுவை எதுவும் வேண்டாம். ‘ஆமாட்டி, பந்திக்கு நேரமாச்சு, வாரியா?’ என்றாலே போதும். அதுவும் வரவில்லையா, அவள் முகத்தைப் பார்த்துச் சிரியுங்கள்.

ஆனால் எல்லா ஓட்டலும் பாசம் இல்லை. நிறத்தை, உடம்பை, தமிழ் மீடியத்தில் படித்ததை, வீட்டு வசதியைக் குத்திக்கொண்டே இருப்பது வேறு. ‘எந்த ஊரு?’ என்று தொடங்கி ‘ஊர்ல எந்தத் தெரு?’ என்று போகிற கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் வருகிற பதட்டத்தை உன் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது உங்கள் மனசு சரியாக வேலை செய்வதன் அடையாளம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். ‘இது வேண்டாம்ட்டி, எனக்குக் கஷ்டமா இருக்கு’ என்று ஒரு தடவை நேராகச் சொல்லிப் பாருங்கள். சேக்காளி என்றால் நிறுத்திவிடுவாள், அன்றைக்குச் சாயங்காலமே ஏதாவது வாங்கிக் கொடுத்துச் சமாதானமும் பண்ணுவாள். சொன்ன பிறகும் தொடர்ந்தால், கூட இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சிரித்தால், அந்தச் செட்டிலிருந்து விலகுவதில் ஒரு தவறும் கிடையாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை. அதனால் இப்போதைக்கு விலக வேண்டாம் என்பதுதான் என் பதில். பயத்தில் விலகினால் அடுத்த செட்டுக்கும் அந்தப் பயத்தைத்தான் எடுத்துக்கொண்டு போவீர்கள்.

இதைப் படிக்கும் பையன்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. ரெண்டு பீர் உள்ளே போனால்தான் செட்டோடு பேச வருகிறது என்று சொல்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர். அது மேலே சொன்ன போனைப் போலத்தான், ஆனால் பல மடங்கு ஆபத்தானது. பேசியது நீ இல்லை, அது பேசவைத்தது என்று மனசு எழுதிக்கொள்ளும். நாளடைவில் அது இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போக முடியாத நிலைக்குக் கொண்டுவிடும். கூச்சத்துக்காகத் தொடங்கி குடிநோயில் முடிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக, வியாதியா என்ற கேள்வி. கூச்சம் வியாதி இல்லை. ஆனால் பயம் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்து, அதற்காக வகுப்பை, வைவாவை, நேர்முகத் தேர்வை, சாப்பாட்டை எல்லாம் தவிர்க்கிற அளவுக்குப் போனால் அது சமூகப் பதட்ட நோய். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980-லேயே தனி நோயாகச் சேர்க்கப்பட்டது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். சுபாவமே அப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிடுவதால் வருஷக்கணக்கில் யாரும் சிகிச்சைக்குப் போவதில்லை. நல்ல குணம் காணக்கூடிய நோய் இது என்பதால் எனக்கு அதில் வருத்தம் அதிகம். மேலே சொன்ன சோதனைகளை ஒழுங்காக, ஒருவர் கூட இருந்து வாராவாரம் செய்யவைப்பதுதான் முதல் சிகிச்சை. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரை தருவார். இதற்கு வழக்கமாகத் தரப்படும் மன அழுத்த எதிர்ப்பு மாத்திரைகள் போதை தருபவை இல்லை. பலன் தெரியச் சில வாரம் ஆகும், நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகத் திடீரென நிறுத்தவும் கூடாது.

எங்கே போவது என்றால், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்கிற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் கல்லூரியிலிருந்து பக்கம்தான், புறநோயாளிச் சீட்டுப் போட்டால் போதும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சாகலாமா என்று ஒரு நாளாவது தோன்றியிருந்தால் இந்தப் பயிற்சிகளை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கே அந்த எண்ணில் பேசுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது, எதிரில் உட்கார்ந்ததும் வாய் அடைத்துப்போகுமே என்று பயப்பட வேண்டாம். அந்த நோட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிடுங்கள். நீங்கள் வாய் திறக்கும் முன்பே அவருக்குப் பாதி புரிந்துவிடும்.